டிரில் டீச்சர் கட்டிய கூடாரம்

“நான் இருக்கேம்லா” என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட்டால், தென்காசியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அதற்கு மேல் யாரும் அந்தக் காரியத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுகிறவன் வரவில்லையா, கிணற்றில் வாளி விழுந்துவிட்டதா, பிரேயரில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாளா, முதலில் அவளைத்தான் தேடுவார்கள். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வேகமாக நடந்து வருவாள். அவள் வந்து சேர்வதற்கு முன்பே அந்த வார்த்தை வந்துவிடும்.

அவள்தான் எங்கள் டிரில் டீச்சர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். நான் ஆலங்குளத்துக்காரி. படிப்பு முடிந்ததும் சயின்ஸ் டீச்சராக அங்கே சேர்ந்து, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். சேர்ந்த முதல் வாரமே அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். “ஏட்டி சயின்ஸு” என்பாள். நான் அக்கா என்பேன், நேரில் எப்போதும் வாங்க போங்கதான். இப்போது எழுத உட்கார்ந்தால் ‘அவள்’ என்றுதான் கை எழுதுகிறது. இருக்கட்டும்.

அவளுடைய தைரியத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. ஒரு குற்றால சீசனில் பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருந்தோம். கீழே வெறும் சாரல்தான். மேலே மலையில் எங்கோ பெருமழை பெய்திருக்க வேண்டும். கண் முன்னாலேயே அருவித் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. அது என்னவென்று எனக்குப் புரிவதற்குள் அவள் விசில் ஊதிவிட்டாள். பிள்ளைகளை ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடிக்கச் சொல்லி, தான் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, ஒவ்வொருத்தியாகக் கரைக்குத் தள்ளினாள். எண்ணெய் தேய்த்த உடம்போடு வழுக்கிப் போன வெளியூர் அம்மாள் ஒருத்தியைக் கொண்டையைப் பிடித்து நிறுத்தினாள். கரையேறியதும் அந்த அம்மாள், தன் முடியெல்லாம் போயிற்றே என்று திட்ட ஆரம்பித்தாள்.

“முடி மொளைக்கும் ஆச்சி. நீங்க மொளைக்க மாட்டிய” என்றாள் இவள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார எனக்கும் பிள்ளைகளுக்கும் போட்டி.

அடுத்த வருஷம் அவள் கைக்கு ஒரு வெள்ளித்தாள் வந்தது. கோடை விடுமுறையில் வடக்கே இமயமலைப் பக்கம் பெண்களுக்கான மலையேற்றப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு, மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தாள். அங்கே முகாமில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொடுத்தாளாம். சோப்புக் கட்டி அளவுக்கு மடித்த ஒரு பொட்டலம். ஆசிரியர் அறையில் மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் போல மெல்லிசாக, பளபளவென்று, தொட்டால் சரசரவென்று, கடைசியில் இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு விரிந்தது.

“இதுக்குப் பேரு எமர்ஜென்சி போர்வை. விண்வெளிக்குப் போறவங்களுக்காகச் செஞ்ச சாமானாம். நம்ம உடம்புச் சூட்ட நம்மகிட்டயே திருப்பி அனுப்பிரும்” என்றாள்.

தமிழ்ப் பாடம் எடுக்கும் தமிழம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “எமர்ஜென்சிதான் முடிஞ்சி போச்சே. இனும என்ன எமர்ஜென்சி போர்வ?”

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலை சாரலில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே தாழ்வாகக் கயிறு கட்டி அந்தத் தாளைக் கூடாரமாகப் போட்டுக் காட்டினாள். தாளில் ஓட்டை போட்டால் கிழிந்துவிடும். அதனால் மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து, தாளோடு சேர்த்துப் பொட்டலம் போலக் கயிற்றால் சுருக்கிட்டு இழுத்துக் கட்ட வேண்டும். காற்று வருகிற பக்கம் தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும். தாளைவிடத் தரைதான் முக்கியம், தரை குளிரை ஏற்றிவிடும், அதனால் முதலில் சருகை முழங்கால் உயரத்துக்குக் கொட்டு. எல்லாப் பக்கமும் அடைத்தால் மூச்சு பட்டு உள்ளே தண்ணீர் கோத்துவிடும், ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். இதெல்லாம் எனக்கு இன்றும் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே புகுந்து வெளியே வந்தார்கள். நானும் புகுந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கதகதப்பாக இருந்தது.

“எப்படிட்டி இருக்கு?”

“அடுப்படி மாதிரி இருக்குக்கா.”

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிவகிரிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் நன்றாக ஓடுவாள். வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப அவளுடைய அப்பா சம்மதிக்கவில்லை. இவள் பஸ் ஏறி அந்த ஊருக்கே போய், வயலில் நின்ற மனிதரிடம் பேசி, “நான் கூடப் போறேன் அண்ணாச்சி. நான் இருக்கேம்லா” என்று சம்மதம் வாங்கி வந்தாள். போட்டிக்குக் கிளம்பும் காலையில் அந்தப் பெண் பஸ் நிலையத்தில் பையோடு நின்றாள். டீச்சர் வரவில்லை. டிக்கெட்டுக்குக் காசு, பிஸ்கட் பொட்டலம், காயத்துக்கு மருந்து, இறங்க வேண்டிய இடம், அங்கே பார்க்க வேண்டிய ஆள், எல்லாம் ஒரு பையில் போட்டு விடுதி ஆயாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் மட்டும் வரவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் விடுதிக்கே திரும்பிவிட்டாள்.

“ஏன்க்கா போகல?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும்தான எடுத்து வச்சிக் குடுத்தேன். அவளுக்குத் துணிச்சல் பத்தலட்டி” என்றாள். மறுவாரம் அந்தப் பெண்ணுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்தாள். அதோடு நாங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம். நானும்தான்.

மலைக்கு நாங்கள் இரண்டு பேருமாகப் பல தடவை போயிருக்கிறோம். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் குற்றாலத்துக்கு பஸ் பிடித்து, பெரிய அருவிக்குப் பக்கத்திலிருந்து ஏறி, செண்பகாதேவி வரை போய்க் குளித்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம். அந்த ஆவணி மாதச் சனிக்கிழமை நான் சோம்பினேன். சாரல் பலமாக இருந்தது.

“இன்னைக்கு ஏறிரணும்ட்டி. பொறவு முடியாது” என்றாள்.

சீசன் முடியப் போவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

செண்பகாதேவியில் நிற்காமல் தேனருவிப் பாதையில் கூட்டிப் போனாள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லை. அட்டைகள் காலில் ஏறின. உப்பு முடிச்சைத் தொட்டுத் தொட்டு உதறிக்கொண்டே நடந்தோம். அவள் அன்று பேசவே இல்லை. வழக்கமாக ஒவ்வொரு மரத்துக்கும் ஏதாவது சொல்லுகிறவள். ஒரு ஓடையைக் கடந்து ஏறிய கொஞ்ச தூரத்தில் பாசிப் பாறையில் என் கால் வழுக்கியது. கணுக்காலுக்குள் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. எழுந்து நிற்கப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவள் தொட்டுப் பார்த்தாள். இரண்டு குச்சியை ஒடித்துத் தன் துண்டைக் கிழித்துக் கட்டினாள். என்னைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்து, ஓடை வரைக்கும்கூட வர முடியாமல் இறக்கி வைத்தாள். அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஓடையில் தண்ணீர் நிறம் மாறியது.

“தண்ணி ஏறுததுக்குள்ள நான் கடந்துரணும். கீழ போயி ஆளக் கூட்டிட்டு வாரேன். ஒனக்குக் கூடாரம் போட்டுக் குடுத்துட்டுப் போறேன்” என்றாள்.

அந்தக் கூடாரத்தை அவள் கட்டிய விதத்தைத்தான் நான் அதற்குப் பிறகு ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காற்று படாத பெரிய பாறையாகப் பார்த்தாள். பாறை இடுக்கில் நனையாமல் கிடந்த சருகையெல்லாம் இரண்டு கையாலும் வாரி வாரிக் கொட்டினாள். மெத்தை மாதிரி ஆன பிறகும் விடவில்லை. எப்போதும் பையில் வைத்திருக்கும் கயிற்றை இழுத்துக் கட்டி வெள்ளித்தாளைப் போட்டு, மூலைகளில் கல் வைத்துச் சுருக்கி, ஓரம் முழுக்கப் பாறைத் துண்டுகளை அடுக்கினாள். சுற்றிலும் உப்பைத் தூவினாள். தன் பையிலிருந்த அவித்த கடலை, வெல்லம், டார்ச், தண்ணீர், விசில் எல்லாவற்றையும் என் பக்கத்தில் வைத்தாள். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

“டார்ச்ச நீங்க கொண்டுபோங்கக்கா. இருட்டிருமே.”

“எனக்கு வேண்டாம். வெளிச்சத்துலயே எறங்கிருவேன்.”

“திரும்பி வரும்போது வேணும்லா?”

என் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டாள். “பயப்படாதட்டி. நான் இருக்கேம்லா” என்றாள். பிறகு இறங்கிப் போனாள். ஓடைச் சத்தத்தில் அவள் காலடி எனக்குக் கேட்கவே இல்லை.

அந்த இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழை தாளின் மேல் விழுவது காதுக்குள்ளேயே அரிசி கொட்டுவது போல இருந்தது. நான் நனையவில்லை. உடம்பு நடுங்கவில்லை. காலில் மட்டும்தான் வலி. அவ்வப்போது எழுந்து உட்கார்ந்து விசில் ஊதினேன். ஒவ்வொரு தடவையும் எங்கேயோ பதில் விசில் கேட்டது போல இருக்கும். விசில் என்னிடம்தானே இருக்கிறது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். என்னைத் தேட வேறு யாரும் இல்லை. வீட்டுக்கார அம்மாள் நான் ஆலங்குளம் போயிருப்பதாக நினைப்பாள். ஆலங்குளத்தில் நான் இந்த வாரம் வரவில்லை என்று நினைப்பார்கள். நான் இருக்கிற இடம் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

விடிந்தது. வரவில்லை. மழை விட்டது. வரவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பயம் பிடித்தது. ஓடையைக் கடக்கும்போது அவளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. டார்ச்சையும் சாப்பாட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போய்விட்டாள். உட்கார்ந்தபடியே சத்தம் போட்டு அழுதேன், எனக்காக இல்லை.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் விலகி வெயில் அடித்தது. கூடாரத்தின் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துத் தாளை வெயிலில் ஆட்டிக்கொண்டே இருந்தேன். மேலே எஸ்டேட்டிலிருந்து மங்குஸ்தான் கூடையோடு இறங்கிய புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் அந்த மினுக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

“என்னம்மா, ஒத்தையிலயா கெடக்கிய?” என்று அந்தப் பெண் பதறினாள்.

“எங்க அக்காவத் தேடுங்க. ஓடையில போயிட்டாங்க. மொதல்ல அவங்களத் தேடுங்க” என்றுதான் நான் சொன்னேன்.

அந்த மனிதர் கூடையை இறக்கிவிட்டு ஓடைக்குள் இறங்கினார். பாறைக்குப் பாறை தாவி, புதர்களை விலக்கி, பள்ளம் பள்ளமாகப் பார்த்தார். மேலே உட்கார்ந்து நான் “அக்கா, அக்கா” என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவை வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து எழுந்தார். அவருடைய மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கும்மா. போதும்மா” என்றாள். பிறகுதான் வேட்டியைத் தூளியாகக் கட்டி என்னை முதுகில் சுமந்து இறக்கினார். வழியெல்லாம் நான் இரண்டு பக்கமும் அவள் சேலை நிறத்தைத் தேடிக்கொண்டே வந்தேன்.

குற்றாலத்தில் ஒரு கடை வாசலில் என்னை உட்கார வைத்து மனைவியைத் துணைக்கு நிறுத்திவிட்டு, டிரில் டீச்சர் வீட்டில் தகவல் சொல்ல அந்த மனிதரே ஈர வேட்டியோடு தென்காசிக்கு பஸ் ஏறினார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளுடைய அம்மாவிடம் பட்டென்று சொல்லிவிடாதீர்கள், முதலில் காணவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று.

திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

“அந்தம்மா இருக்காங்கம்மா.”

“எங்கன? அடிபட்டிருக்கா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்காங்க, வாசல்ல கேட்டுக்கிட்டேன். வீட்டுல பொண்ணு பாக்க வந்திருக்காங்க. பட்டுச்சேல கட்டி, பூ வச்சிக்கிட்டு, காப்பி குடுத்துக்கிட்டு இருந்தாங்க. விசேஷ வீட்டுல எப்படிக் கூப்பிட்டுச் சொல்லதுன்னு தெரியல. திரும்பிட்டேன்.”

அந்தப் பெண் தன் புருஷனைப் பார்த்தாள். அப்புறம் அவருடைய சிராய்ந்த முழங்கையைப் பார்த்தாள். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர்கள் மலைக்குத் திரும்பிப் போனார்கள். அதன் பிறகு அவர்களிடம் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை பார்க்க வந்தார். அவரோடு அவளும் வந்தாள், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. எனக்கு அவளைக் கண்டதும் அழுகை முட்டியது. கோபம்கூட இல்லை. உயிரோடு இருக்கிறாளே என்று இருந்தது. ஏதோ காரணம் சொல்லப் போகிறாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்ட்டி ஒத்தையில போன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பேம்லா” என்றாள்.

வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். தலைமையாசிரியை, என் கட்டிலடியில் கிடந்த தாளைக் காட்டி, “அந்த வெள்ளித்தாள் ஒங்களுதுல்லா டீச்சர்?” என்று கேட்டார்.

“ஆமா. வெள்ளிக்கிழமை எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போனா. எதுக்குன்னு நான் கேக்கல.”

நான் ஏன் பேசவில்லை என்று பிற்பாடு பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். பொய்யை எதிர்பார்த்திருந்தால் பதில் வைத்திருப்பேன். இளவயசுப் பெண் தனியாகக் காட்டில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று ஊர் பேசியது. தனியாகவா என்றும் பேசியது. பள்ளியில் என்னை எச்சரித்தார்கள். ஆலங்குளத்தில் அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். எனக்குப் பேசி வைத்திருந்த ஒரு சம்பந்தம், காரணம் சொல்லாமலே நின்றுபோனது. அவளுடைய சம்பந்தம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் போட்டிருந்த ஒரே நிபந்தனை, பெண் இனி மலை, காடு என்று அலையக் கூடாது என்பதுதானாம். அதைத் தமிழம்மாள்தான் எனக்குச் சொன்னார்.

கட்டுப் பிரித்துப் பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஒரே ஒரு தடவை கேட்டேன். மைதானத்தில் யாரும் இல்லை. அவள் வலைப்பந்துக் கம்பத்தை நட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன்க்கா வரல?”

அவள் கம்பத்தை விடாமல் மண்ணை மிதித்துக்கொண்டே இருந்தாள். “வெளிய தெரிஞ்சா எல்லாம் போயிரும்ட்டி. இந்தச் சம்பந்தத்த விட்டா எனக்கு வேற வராது.”

“நான் செத்திருந்தா?”

“சாவ மாட்ட. கூடாரத்த எப்படிக் கட்டியிருந்தேன்? ஒரு சொட்டு உள்ள எறங்குச்சா, சொல்லு.”

இறங்கவில்லை. அது உண்மை. அதனால்தான் அந்தச் சருகு மெத்தைக்கே என் நினைப்பு இன்றும் திரும்பத் திரும்பப் போகிறது. ஒருத்தி சீக்கிரம் திரும்பி வரப்போகிறாள் என்றால் அவ்வளவு சருகு எதற்கு? டார்ச் ஏன் வேண்டாம் என்றாள்? திரும்ப வேண்டாம் என்று இறங்குகிற வழியில் முடிவு செய்தாளா, அல்லது என் பக்கத்தில் மண்டியிட்டு ஓரத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டாளா? கேட்கவில்லை. அந்த வருஷ முடிவில் வேறு ஊர்ப் பள்ளிக்கு மாறிப் போய்விட்டேன். அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. பத்திரிகை வந்தது.

ஆனாலும் என் மனசு அவளுக்காக வாதாடிக்கொண்டே இருந்தது. நனைந்து போய்க் காய்ச்சலில் விழுந்திருப்பாள், நினைவு தப்பியிருக்கும், விடிந்ததும் வீட்டார் சேலையைச் சுற்றி உட்கார வைத்திருப்பார்கள், கூட்டத்தில் நான் கிடப்பதே மறந்து போயிருக்கும். அப்புறம் மறந்த வெட்கத்தில்தான் அத்தனை பொய்யும். இப்படி ஒரு கதையை நானே கட்டி, வருஷக்கணக்காக அதற்குள் இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சீசனில் என் பள்ளிப் பிள்ளைகளோடு குற்றாலம் வந்தேன். பிள்ளைகள் பெரிய அருவியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பழக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். கையில் ஒரு பெண் குழந்தையும் தோளில் துண்டுமாக ஒருவர் என்னையே பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“நீங்க சயின்ஸ் டீச்சர்தான? எங்க வீட்டு ஆல்பத்துல நீங்களும் இவளும் நிக்கிற போட்டோ இருக்கு. அடிக்கடி அத எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்பா.” தன் மனைவி யார் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. நல்ல மனிதர். கலகலப்பாகப் பேசினார். குழந்தை என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது.

“நான் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒங்களப் பத்திச் சொல்லணும்னு நெனச்சாளாம். நல்ல நாளும் அதுவுமா அழுதுக்கிட்டே காப்பி குடுத்தா பாத்துக்கிடுங்க. எங்கம்மா பயந்துட்டாங்க, பொண்ணுக்கு இஷ்டமில்ல போலன்னு. தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். என் சிநேகிதி ஒருத்தி நெனப்பு வந்துட்டு, ஒண்ணுமில்லன்னா. ராத்திரி பூரா ஒறங்கலயாம். அப்பவே எனக்குப் பிடிச்சிப் போச்சு. சிநேகிதிய விட்டுட்டுப் போகணுமேன்னு இப்படி அழுத புள்ள, வீட்ட எப்படிப் பாத்துக்கிடும்னு நெனச்சேன்.”

அவர் சிரித்தார். நான் குழந்தையின் விரல்களைக் கடிகாரத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டேன்.

காய்ச்சல் இல்லை. நினைவு தப்பவில்லை. மறக்கவே இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்து, மழைச் சத்தத்தைக் கேட்டு, நான் எந்தப் பாறைக்குக் கீழே கிடக்கிறேன் என்று ஒவ்வொரு நிமிஷமும் தெரிந்து, அழுது, முகம் கழுவி, பூ வைத்து, காப்பித் தட்டை எடுத்து வந்திருக்கிறாள். அவளுக்காக நான் கட்டி வைத்திருந்த கதையை அந்த நல்ல மனிதர் சிரித்துக்கொண்டே பிரித்துப் போட்டுவிட்டார்.

“இங்கனதான் குளிச்சிக்கிட்டு இருக்கா. ஒங்களப் பாத்தா அவ்வளவு சந்தோஷப்படுவா. கொஞ்சம் நில்லுங்க டீச்சர், இப்ப வந்துருவா.”

நான் நிற்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு, ஈரத் தலைகளோடு அவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, பஸ்ஸை நோக்கி நடந்தேன்.